சொல்லாமையும் ஒரு கட்டளை: சமிக்ஞைச் செயலியின் கால்களுக்குப் பணி வகுத்தல்



இலக்கியமும் சமயமும் பேசிப் பழகிய இம்மேடையில், ஒரு மின்னணுச் சில்லின் கால்களைப் பற்றிப் பேச எனக்கு இடம் தந்திருக்கிறீர்கள். கோலா சுங்கை பாருவில், செம்பனைத் தோட்டங்களுக்கும் மலாக்கா நீரிணைக்கும் நடுவே அமர்ந்துகொண்டு இதைப் பேச வேண்டிய தேவை என்ன என்று சிலர் எண்ணக்கூடும். தேவை உண்டு. இச்சில்லுகளுக்குக் கால் பொருத்தும் வேலை நம் மாநிலத்தில் அரை நூற்றாண்டாக நடந்து வருகிறது. அக்கால்களுக்குப் பணி சொல்லும் அறிவு மட்டும் நம் மொழிக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. அதைத் தமிழில் சொல்ல முடியுமா, சொன்னால் பிழையின்றிச் சொல்ல முடியுமா என்பதே இன்றைய என் பொருள்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்தினேன். சிறு மின்விசிறி ஒன்றின் வேகத்தைச் செயலி கொண்டு கட்டுப்படுத்துவது பயிற்சி. கம்பிகளை இணைத்தாயிற்று, நிரலை இன்னும் ஏற்றவில்லை. ஒரு மாணவர் மின்சாரத்தை இயக்கினார். யாரும் கட்டளையிடாமலேயே விசிறி சுழன்றது. அருகில் கை வைத்திருந்த மாணவியின் விரலில் சிறு கீறல். நல்லவேளையாக அதற்குமேல் ஒன்றும் இல்லை. விரலுக்கு மருந்திட்டுக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “ஐயா, நாம் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே, அது ஏன் ஓடியது?”

பட்டறையை நடத்திய நான் அங்கேயே விடை சொல்லியிருக்க வேண்டும். சொல்ல இயலவில்லை. பிழை என்னுடையது. அன்றிரவு செயலியின் கையேட்டை மீண்டும் படித்தபோதுதான் விடை தெளிந்தது. அந்த மாணவிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையின் விரிவே இவ்வுரை.

சமிக்ஞையும் செயலியும்

முதலில் பொருளை வரையறுப்போம். ஒலி, வெப்பம், மோட்டாரில் ஓடும் மின்னோட்டம் ஆகியன கணந்தோறும் மாறுபவை. அம்மாற்றத்தை எண்களாகப் பெற்று, பெற்ற வேகத்திலேயே பெருக்கிக் கூட்டி, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவு தரும் சில்லே இலக்கமுறைச் சமிக்ஞைச் செயலி. தமிழ்நாட்டில் சமிக்ஞை என்பதைக் ‘குறிகை’ என்றும் எழுதுகிறார்கள். இலங்கையில் ‘சமிக்ஞை’ நிலைத்துவிட்டது. நமக்கோ சாலை முனையில் நிற்கும் சமிக்ஞை விளக்கு அன்றாடச் சொல். ஆகவே அதையே கைக்கொள்கிறேன்.

இவ்வகைச் செயலிகளுள் பெயர்பெற்ற டி.எம்.எஸ்.320 குடும்பத்தின் முதற் சில்லை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1983இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோட்டார்களையும் மின்மாற்றுக் கருவிகளையும் கட்டுப்படுத்துவதற்கென்றே அக்குடும்பத்தில் ஒரு கிளை வளர்ந்தது. அக்கிளையைச் சேர்ந்த எஃப்28335 என்னும் சில்லே என் பட்டறையில் இருந்தது. இனி நான் சொல்லும் விவரங்கள் அதற்குரியவை. பிற செயலிகளில் பெயரும் எண்ணிக்கையும் வேறுபடும்; அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலும் பொருந்தும்.

கால் என்னும் சொல்

சில்லிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உலோக முனையை ஆங்கிலேயர் ‘பின்’ என்கிறார்கள். நம் கலைச்சொல்லாக்கத்தில் ஊசி, முனை, செருகி எனப் பல சொற்கள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. பழுதுபார்க்கும் கடைக்காரர் எவரையும் கேட்டுப் பாருங்கள், ‘கால்’ என்பார். மலாய் நண்பரும் ‘காக்கி’ என்பார், அதுவும் காலே. நான் கடைக்காரர் பக்கம்.

அதற்கு வடிவம் மட்டும் காரணம் அன்று. தமிழில் ‘கால்’ உடலைத் தாங்கும் உறுப்பு. நீர் செல்லும் வழியும் ‘கால்’தான். வாய்க்கால், கால்வாய் என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் வாழ்கிறது. சில்லின் கால் இரண்டு வேலையையும் செய்கிறது: சில்லைப் பலகையில் நிறுத்துகிறது, மின்சாரம் ஓடும் வழியாகவும் இருக்கிறது.

இந்தக் கால்கள் நமக்கு அயலானவை அல்ல. 1971இல் தடையற்ற வணிக மண்டலச் சட்டம் வந்தபின் நம் நாட்டில் மின்னணு ஆலைகள் பெருகின. மலாக்காவில் சீமென்ஸ் நிறுவனம் 1973இல் தொடங்கிய ஆலை இன்று இன்ஃபினியன் என்னும் பெயரில் இயங்குகிறது. பத்து பெரெண்டாமில் இருந்த நேஷனல் செமிகண்டக்டர் ஆலை, அந்நிறுவனத்தை 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியதால் அதன் கைக்கு வந்தது. மலாக்காவில் 500 கோடி ரிங்கிட் வரை முதலீடு செய்யப்போவதாக அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது.

இவ்வாலைகளில் நடக்கும் வேலை பொதி கட்டுதலும் சோதித்தலும் ஆகும். நகக்கண் அளவுள்ள சிலிக்கன் துண்டைச் சட்டத்தில் ஒட்டி, மயிரினும் மெல்லிய கம்பியால் அதன் விளிம்புகளை உலோகக் கால்களோடு இணைத்து, கரிய பிசினால் மூடி, கால்களை வெட்டி வளைத்து, ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். விடியுமுன் ஆலைப் பேருந்து ஏறிப் போய் அக்கம்பியைக் கட்டிய கைகளில் தோட்டத்துப் பெண்களின் கைகளும் உண்டு. பால்மரம் சீவிய தாயின் மகள், சில்லுக்குக் கால் கட்டினாள். அவளுடைய பிள்ளை அக்காலுக்குப் பணி சொல்லக் கற்க வேண்டும் என்பது மிகையான ஆசை அன்று.

பெரட்டுக்கு முன் நிரைக்குப் போகலாகாது

எஃப்28335 சில்லின் ஒரு பொதிவகையில் 176 கால்கள் உள்ளன. அவற்றுள் 88 கால்கள், அதாவது சரிபாதி, பொதுநோக்கு உள்ளீட்டு வெளியீட்டுக் கால்கள். மற்றவை மின்வழங்கல் போன்ற நிலையான வேலைகளுக்கு உரியவை. பொதுநோக்குக் காலுக்கு நிலையான வேலை கிடையாது. நாம் வகுப்பதே அதன் வேலை. விசையின் நிலையை அறிந்து சொல்லச் சொன்னால் சொல்லும். விளக்கை ஏற்றச் சொன்னால் ஏற்றும். சில்லினுள் இருக்கும் துடிப்பு எழுப்பி போன்ற உறுப்புகளுக்கு வாசலாக நிற்கச் சொன்னால் நிற்கும். இப்படிப் பணி வகுப்பதையே அமைவாக்கம் என்கிறோம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது தெரிந்த காட்சி. விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். யார் எந்த நிரைக்கு, யார் மருந்தடிக்க, யார் புல் வெட்ட என்று வகுத்த பிறகே கலைவார்கள். கிராணி பேரேட்டில் பதிந்துகொள்வார். செயலிக்கும் ஒரு பெரட்டு உண்டு. பேரேட்டின் இடத்தில் இருப்பவை பதிவகங்கள். ஒவ்வொன்றும் 32 பிட் அகலம். 0 முதல் 31 வரை எண்ணுள்ள கால்கள் முதற்குழு. 32 முதல் 63 வரை இரண்டாம் குழு. 64 முதல் 87 வரை மூன்றாம் குழு.

பணி வகுக்கும் பதிவகங்கள் பூட்டப்பட்டிருக்கும். வழிதவறிய நிரல் ஒன்று தற்செயலாக எதையும் மாற்றிவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது. திறக்க ஒரு கட்டளை, மீண்டும் பூட்ட ஒரு கட்டளை உண்டு. திறக்காமல் எழுதினால் செயலி முறையிடாது. எழுதியதை ஏற்காமல் விட்டுவிடும். மாணவர்கள் மணிக்கணக்கில் தவிக்கும் முதல் இடம் இதுவே.

திறந்தபின் செய்ய வேண்டியவை வரிசையாக உள்ளன.

முதலாவது மேலிழுப்பு. எதனோடும் இணைக்காத உள்ளீட்டுக் கால் உயர்நிலையிலும் இல்லை, தாழ்நிலையிலும் இல்லை. காற்றில் ஆடும் கதவைப் போன்றது. அதை உயர்நிலைப் பக்கமாக மெல்ல இழுத்து நிறுத்தும் ஏற்பாடு சில்லினுள்ளேயே உள்ளது. அது தரும் மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில் நூறு, இருநூறு அளவே. வெளியிலிருந்து ஒரு விசை தாழ்நிலைக்கு இழுத்தால் விட்டுக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, உள்ளீட்டைத் தகுதி பார்த்தல். வரும் சமிக்ஞையை ஒரே முறை பார்த்து நம்பாமல், மூன்று அல்லது ஆறு முறை தொடர்ந்து ஒரே நிலையில் கண்டபின் ஏற்கச் சொல்லலாம். இதனால் மின்னிரைச்சல் துள்ளல்கள் வடிகட்டப்படும். இதன் எல்லையையும் அறிய வேண்டும். செயலி 150 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும்போது, பார்வைக்கும் பார்வைக்கும் இடையே வைக்கக்கூடிய மிக நீண்ட இடைவெளி 510 துடிப்புகள். அது ஏறத்தாழ 3.4 மைக்ரோ வினாடி. ஆறு பார்வைக்கு ஐந்து இடைவெளிகள். மொத்தம் 17 மைக்ரோ வினாடி. கையால் அழுத்தும் விசையின் தகடு துள்ளி அடங்கவோ சில மில்லி வினாடி ஆகும். ஆகவே விசைத் துள்ளலை இந்த வடிகட்டி தடுக்காது. அதை நிரலில்தான் கையாள வேண்டும்.

மூன்றாவது, பணித் தேர்வு. ஒவ்வொரு காலுக்கும் இரண்டு பிட் ஒதுக்கப்பட்டுள்ளது. இரண்டு பிட்டில் நான்கு தேர்வுகள். இரண்டும் சுழியமானால் அது பொதுநோக்குக் கால். மற்ற மூன்றும் அந்தந்தக் காலுக்குரிய உள்ளுறுப்புகள்.

நான்காவது திசை. நம்மூர்ப் பெயரே இதற்குப் பாடம். கோலா என்றால் ஆற்றின் கழிமுகம். வற்றுபெருக்கில் ஆறு கடலுக்குள் போகிறது. ஏற்றத்தில் கடல் ஆற்றுக்குள் வருகிறது. வழி ஒன்று, திசை இரண்டு. காலும் அவ்வாறே. திசைப் பதிவகத்தில் 0 என்றால் உள்ளீடு, 1 என்றால் வெளியீடு. கழிமுகத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது நிலவு, இங்கே நாம்.

திசையை வெளியீடாக மாற்றுமுன் செய்ய வேண்டிய ஒன்று உண்டு. வெளியே போக வேண்டிய மதிப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட வேண்டும். இல்லையேல், வாசல் திறந்த கணத்தில் பழைய மதிப்பு வெளியே பாயும். ஒரு கணமாயினும், அது ஒரு மோட்டாரை உலுக்கப் போதும்.

வலிமையின் அளவையும் சொல்லிவிடுகிறேன். இக்கால்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட் சமிக்ஞையை நேரடியாகக் கொடுத்தால் சில்லு பழுதாகலாம். பெரும்பாலான கால்கள் தரக்கூடியது 4 மில்லி ஆம்பியர். ஒரு சிறு விளக்கை மங்கலாக ஏற்றலாம். மோட்டாரைச் சுழற்ற இயலாது. மோட்டாருக்கு நடுவே ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். கால் அதற்குச் சைகை மட்டும் காட்டும்.

விசிறி ஏன் சுழன்றது

இப்போது அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். மின்சாரம் வந்ததும் இச்செயலியின் பொதுநோக்குக் கால்கள் யாவும் உள்ளீடாகவே விழிக்கின்றன. ஆனால் 0 முதல் 11 வரையுள்ள கால்களில் மேலிழுப்பு நீங்கியிருக்கும்; 12 முதல் மேலுள்ளவற்றில் மேலிழுப்பு செயலில் இருக்கும். முதற் பன்னிரண்டும் மோட்டாரை இயக்கும் துடிப்புகளை வெளியிட வல்லவை. நிரல் விழிக்குமுன் அவை உயர்நிலைக்குப் போய்விடக் கூடாது என்று வடிவமைத்தவர்கள் கருதியிருக்கிறார்கள்.

நான் விசிறியின் டிரான்சிஸ்டரை இணைத்திருந்ததோ பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண்ணுள்ள ஒரு காலில். மேலிழுப்பு அதை மெல்ல உயர்நிலைக்கு இழுத்தது. அவ்வகை டிரான்சிஸ்டரின் வாயில் மின்னோட்டத்தை ஏறக்குறைய உண்பதேயில்லை. மெல்லிய இழுப்பே போதும். வாயில் திறந்தது, விசிறி சுழன்றது.

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் நாங்கள் சொல்லாத இடத்தில் வேறு யாரோ முன்பே சொல்லி வைத்திருந்தார்கள். அமைவாக்கம் செய்யாத கால் வெறுமையான கால் அன்று. சில்லை வடிவமைத்தவர் இட்ட கட்டளை அதில் நின்றுகொண்டிருக்கிறது. அதைப் படித்தறியாதவன் சொல்லாமல் விட்டதும் கட்டளையாகவே நடந்தேறும்.

திருத்தம் எளிது. மறுநாள் விசிறியை முதற் பன்னிரண்டு கால்களுள் ஒன்றுக்கு மாற்றினேன். கூடவே 2.2 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வாயிலுக்கும் தரைக்கும் இடையே வைத்தேன். சில்லு உறங்கினாலும் விழித்தாலும், நிரல் ஆணையிடும்வரை விசிறி அசையாது. மாணவியே மின்சாரத்தை இயக்கிப் பார்த்தாள்.

கிராணி செய்த பிழை

இன்னொரு பிழையையும் சொல்ல வேண்டும். தேர்ந்தவர்களும் இதில் வழுக்குகிறார்கள். காலின் நிலையைக் காட்டும் தரவுப் பதிவகத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்ற நினைத்தால், செயலி முழுப் பதிவகத்தையும் படித்து, அந்த ஒன்றை மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதுகிறது. படிக்கும்போது அது காண்பது, நாம் எழுதிய மதிப்பை அன்று, காலில் அக்கணம் உள்ள நிலையை. முதல் காலை உயர்நிலைக்கு ஆணையிட்டு, உடனே இரண்டாம் காலுக்கும் ஆணையிட்டால், முதற் கால் இன்னும் உயர்ந்து முடியாத வேளையில் இரண்டாவது படிப்பு நடந்துவிடுகிறது. பழைய தாழ்நிலையே படிக்கப்பட்டு, அதுவே திரும்ப எழுதப்படுகிறது. முதல் ஆணை அழிகிறது. நிரலில் எழுத்துப்பிழை ஏதும் இராது. விளக்கு மட்டும் எரியாது.

ஒரு பெயரைத் திருத்த முழுப் பேரேட்டையும் பார்த்துப் படியெடுக்கும் கிராணியை எண்ணிப் பாருங்கள். சற்று முன் அனுப்பிய ஆள் நிரையை அடையுமுன் மறுபடியும் களத்தைப் பார்த்து எழுதினால், அவரை ‘வரவில்லை’ என்று பதிந்துவிடுவார். இதைத் தவிர்க்கவே ஏற்றுதல், இறக்குதல், மாற்றுதல் என மூன்று தனிப் பதிவகங்கள் உள்ளன. அவற்றில் 1 எழுதிய காலுக்கு மட்டும் ஆணை போகும். 0 எழுதியவற்றுக்கு ஒன்றும் நேராது. பேரேட்டைப் படியெடுக்கத் தேவையில்லை. காலை இயக்க இம்மூன்றையும், காலின் நிலையை அறியத் தரவுப் பதிவகத்தையும் பயன்படுத்துவதே நன்முறை.

மொழிக்கு உள்ள பொறுப்பு

இது மொழிப் பேரவை. ஆகவே மொழி பற்றிய இரண்டு கருத்துகளோடு முடிக்கிறேன்.

மேலிழுப்புக்குரிய பதிவகத்தின் பெயரில் ஒரு நுட்பம் உண்டு. அது மேலிழுப்பை ‘நீக்கும்’ பதிவகம். அதில் 1 எழுதினால் மேலிழுப்பு நீங்கும். 0 எழுதினால் செயலில் இருக்கும். மொழிபெயர்ப்பவர் ஓசை நயம் கருதி ‘மேலிழுப்புப் பதிவகம்’ என்று சுருக்கிவிட்டால், மாணவர் 1 எழுதி மேலிழுப்பு வந்துவிட்டதாக நம்புவார். ‘நீக்கம்’ என்ற ஒரு சொல்லை விட்டதால் கருவி தலைகீழாக இயங்கும். கலைச்சொல்லில் அழகு பிறகு வரலாம்; எது 1, எது 0 என்பது பிழைபடக் கூடாது. ‘மேலிழுப்பு நீக்கப் பதிவகம்’ சற்று நீளம்தான். நீளமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, நம் மொழியின் வலிமை. அமைவாக்கத்தின் உயிர் அதன் வரிசை. தமிழிலோ வினையெச்சம் வரிசையைத் தானாகவே காக்கிறது. ‘பூட்டைத் திறந்து, மேலிழுப்பை வகுத்து, பணியைத் தேர்ந்து, மதிப்பை எழுதி, திசையை மாற்றிப் பூட்டுக’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். முதல், பிறகு, அதன் பிறகு என்று எண்ணிட வேண்டியதில்லை. ஒரு வினை முடிந்தாலன்றி அடுத்தது தொடங்காது என்பதை இலக்கணமே சொல்லிவிடுகிறது. தொழில்நுட்பச் செய்முறைகளை எழுதத் தமிழ் ஏற்றதன்று என்பவர்களுக்கு இவ்வொரு வாக்கியத்தைக் காட்டுங்கள்.

நம் தமிழ்ப்பள்ளியில் ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ தனிப்பாடம். ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிக் கல்வி முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் காத்திருக்கின்றன. அம்மொழிகளைப் பிள்ளைகள் நன்கு கற்கட்டும். ஆனால் ‘ஏன்’ என்று கேட்கும் முதல் வினா தாய்மொழியில் எழும்போது, அதற்குத் தாய்மொழியில் விடை இருக்க வேண்டும். நாம் விடை எழுதி வைக்காவிட்டால் அவ்விடம் வெறுமையாக இராது. ‘இவையெல்லாம் நமக்கில்லை, நம் மொழிக்கில்லை’ என்ற முன்னிருப்பு அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லாமலேயே அது கட்டளையாகிவிடும்.

பேரவைக்கு என் வேண்டுகோள் ஒன்றே. பெரிய அகராதிக்குக் காத்திராமல், ஒரு செயலிக்கு ஒரு கையேடு என்ற அளவில், பட்டறையில் செய்து பார்த்துச் சரிகண்ட சிறு தமிழ்க் கையேடுகளை வெளியிடுங்கள். சொற்களை ஆசிரியரும் பழுதுபார்ப்பவரும் ஆலையில் கால் கட்டிய தாய்மாரும் கூடி அமர்ந்து தேர்ந்தெடுக்கட்டும்.

விரல் கீறிய அந்த மாணவி இன்று பொறியியல் படிக்கிறாள். புதிய பலகை எதைக் கையில் எடுத்தாலும், மின்சாரம் கொடுக்குமுன் அதன் கால்கள் எந்த நிலையில் விழிக்கும் என்று கையேட்டில் தேடிப் பார்த்த பிறகே விசையைத் தொடுவதாகச் சொன்னாள். அன்று நான் கற்பிக்கத் தவறியதை அவள் தானே கற்றுக்கொண்டாள். அடுத்த பிள்ளைக்கு அதை நாம் எழுதி வைப்போம்.